புடவை மூட்டை சுமந்த தலைவர்



மழை விருந்தினராக வந்து போகும் ஊர்கள் பல உண்டு. வட்டவளையில் மழை விருந்தினர் அன்று, வீட்டுக்காரர். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் இருப்புப் பாதையில், மலைகளின் மேற்குச் சரிவில் அமைந்த இச்சிற்றூர், இலங்கையில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக இங்கே மழை பொழிகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் ஞாயிற்றின் முகத்தைக் காணாத நாட்கள் அடுத்தடுத்து வரும். அந்நாட்களிலும் தேயிலை துளிர்ப்பதை நிறுத்துவதில்லை. ஆதலின் கொழுந்து பறிப்பதும் நிற்பதில்லை. இடுப்பிலே படங்கைச் சுற்றிக்கொண்டு, முதுகிலே கூடையைத் தொங்கவிட்டு, காலில் அட்டை ஏறுவதையும் பொருட்படுத்தாது பெண்கள் நிரையிலே நிற்கின்றனர். நூறாண்டுகளுக்கு முன்னும் நின்றார்கள், இன்றும் நிற்கின்றார்கள்.

மனிதன் ஒவ்வொரு நாளையும் ஒரு நோக்கத்தோடு வாழ வேண்டும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ள வேண்டும். உழைப்புக்கும் இல்லத்துக்கும் உள்ளத்துக்கும் இடையே ஒரு சமநிலையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறிஞர் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். நல்ல அறிவுரைதான். ஆயின், நூறாண்டுகளுக்கு முன் அந்த நிரையிலே நின்ற ஒரு பெண்ணிடம் போய் இதனைச் சொல்லியிருந்தால் அவள் என்ன கேட்டிருப்பாள்? விடியுமுன் தப்படித்து அவளை எழுப்புகிறவன் வேறொருவன். பிரட்டுக்களத்திலே, இன்று எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பணிப்பவன் வேறொருவன். நிரை பிடித்துக் கொடுப்பவர் கங்காணி. கொழுந்தை நிறுப்பவர் கணக்கப்பிள்ளை. முழுப்பேரா, அரைப்பேரா என்று செக்ரோலில் எழுதுவதும் அவளுடைய கை அன்று. இவ்வாறு ஒரு நாளின் எல்லா நாழிகையும் பிறர் கையில் இருக்கும்போது, தன் நோக்கம் என்பதை அவள் எங்கே வைத்துக்கொள்வாள்?

நியாயமான வினா இது. ஓய்வும் வசதியும் உடையவர்க்கு மட்டும் பயன்படுகின்ற அறிவுரை பாதி அறிவுரையே. இந்த வினாவுக்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வட்டவளையிலிருந்து புகைவண்டி ஏறினால் அடுத்து வரும் பெரிய நகரம் ஹட்டன். அந்த ஹட்டனைத் தம் செயற்களமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவருடைய வாழ்க்கையிலே அந்த விடையின் பெரும்பகுதி கிடைக்கின்றது. அவர் கோ. நடேசய்யர்.

அவர் தோட்டத்திலே பிறந்தவர் அல்லர். 1887ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தில், உயர்குலம் என்று அந்நாளிலே கருதப்பட்ட அந்தணர் குடும்பத்திலே பிறந்தவர். படித்தவர். வணிகத்துறையில் ஈடுபாடு மிக்கவர். தஞ்சையிலிருந்து ‘வர்த்தகமித்திரன்’ என்னும் இதழை நடத்தியவர். வரவு செலவு, இலாப நட்டம் ஆகியவற்றைத் தமிழிலே விளக்கிச் சொல்ல விரும்பியவர். இத்தகைய ஒருவர் 1915ஆம் ஆண்டில் முதன்முறையாக இலங்கைக்கு வந்தார். இங்குள்ள இந்திய வணிகர்களோடு தொடர்பு கொள்வதற்காகவே வந்தார். வந்த காரியம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் மலைநாட்டிலே தம் நாட்டவர் இலட்சக்கணக்கில் வாழ்கின்றனர் என்பதை அறிந்ததும், அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று நேரிலே காண விரும்பினார்.

காண விரும்பினால் காண முடிந்த காலமா அது? இல்லை. தோட்டம் என்பது தனியார் நிலம். துரையின் இசைவின்றி வெளியார் எவரும் உட்புகக் கூடாது. புகுந்தால் அத்துமீறல் குற்றம். பீஜித் தீவுக்கும் மொரீசியசுக்கும் சென்றவர்களைப் போல ஒப்பந்தச் சீட்டிலே கைந்நாட்டிட்டு இலங்கைக்கு வந்தவர்கள் அல்லர் இம்மக்கள். பெயரளவிலே சுதந்திரத் தொழிலாளர்கள். ஆயின் கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைக் கயிற்றினும் இறுகக் கட்டியிருந்தது. ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், அந்தக் கடன் தொகை குறித்த ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். அத்தொகையை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே செல்ல இயலும். அதாவது, மனிதனோடு அவனுடைய கடனும் கைமாறியது. உள்ளதை உள்ளபடி சொல்வதானால், கடனோடு மனிதன் கைமாறினான். இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வெளியார் புகமுடியாத அந்தத் தோட்டங்களுக்குள்ளே தடையின்றிப் போய்வரக் கூடியவர் சிலர் இருந்தனர். அவர்களுள் புடவை வியாபாரிகளும் அடங்குவர். துணி மூட்டையைத் தோளிலே சுமந்து லயம் லயமாகச் சென்று விற்பார்கள். நடேசய்யரும் ஒரு புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள்ளே சென்றார்.

இந்தச் செயலைச் சற்று நின்று நோக்க வேண்டும். இதனை ஒரு துணிகரமான வேடம் என்று மட்டும் கொண்டு வியப்பது எளிது. இதனுள்ளே அதைவிடப் பெரியதொரு செய்தி இருக்கின்றது. மேடையேறிப் பேசுவதற்கு வேண்டிய கல்வியும் நாவன்மையும் அவரிடம் இருந்தன. அவர் அங்கிருந்து தொடங்கவில்லை. லயத்துக் காம்பராவின் வாயிற்படியிலே மூட்டையை இறக்கி வைத்தால், அங்கே யார் மேலானவர்? வாங்குகிறவரே மேலானவர். விற்கிறவர் குந்தியிருந்து, விரித்துக்காட்டி, மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். பெண்கள் விலை கேட்பார்கள்; காசில்லை என்பார்கள்; ஏன் காசில்லை என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லுவார்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் விழுந்தது, அரிசிக்கு எவ்வளவு பிடித்தார்கள், கங்காணிக்கு எவ்வளவு போயிற்று என்பவை எல்லாம் அந்த வாயிற்படியிலே வெளிவரக்கூடியவை. கணக்கறிந்த ஒருவர் காதுகொடுத்துக் கேட்டால் அவர் உள்ளத்தில் ஒரு பேரேடே எழுதப்பட்டுவிடும். வழிகாட்ட விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்பதற்குக்கூட ஓர் இடத்திலே போய் அமர வேண்டியிருக்கின்றது. தாழ்வான இடத்திலே அமர வேண்டியிருக்கின்றது.

அப்பயணத்துக்குப் பின்னர்ச் சில ஆண்டுகளிலேயே அவர் இலங்கையைத் தம் நாடாகவே கொண்டுவிட்டார். அவருடைய நோக்கமும் தெளிவாகிவிட்டது. தோட்டத் தொழிலாளிக்காகப் பேசுவதோடு அவர் நிறைவுறவில்லை. தொழிலாளி தானே பேச வேண்டும், தன் கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்று விரும்பினார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. ஒருவருக்காகப் பேசுவது கருணை. அவரைப் பேச வைப்பது கல்வி.

அதற்குக் கருவியாக அவர் எடுத்துக்கொண்டது பத்திரிகை. 1920களின் தொடக்கத்திலே ‘தேசநேசன்’ என்னும் ஏட்டின் ஆசிரியராக இருந்தார். 1924ஆம் ஆண்டிலே ‘தேசபக்தன்’ தொடங்கினார். எழுத்தறியாத மக்களுக்குப் பத்திரிகையா என்று அந்நாளிலே நகைத்தவர் இருந்திருப்பர். அந்த நகைப்பிலே ஓரளவு நியாயமும் உண்டு. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்துகொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்திருந்தது உண்மை. அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கே. பத்து வயதிலே பள்ளி முடிந்தது, கூடை தொடங்கியது. பல தோட்டங்களிலே அந்தப் பள்ளி என்பதும் ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற அளவிலேயே இருந்தது. ஆயினும் ஒரு லயத்திலே ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவராக இருந்தாற்கூடப் போதும். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் அமர்ந்து கேட்கலாம். கேட்டவர்களுள் ஒருவருக்காவது, நாமும் இதனை வாசிக்கக் கற்றுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழாமலா போகும்?

எழுத்து எட்டாத இடத்துக்குப் பாட்டு எட்டியது. அந்தப் பணியைச் செய்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார். நடேசய்யரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அம்மையாரை ஓர் அடிக்குறிப்பாகச் சொல்லி நகர்வது வழக்கமாகிவிட்டது, இது சரியன்று. கூட்டம் கூடும் இடங்களிலே அம்மையார் பாடினார். தொழிலாளர் படும் துன்பங்களையும், அவர்கள் ஒன்றுபட வேண்டிய தேவையையும், கேட்டவர்க்கு எளிதில் மனத்தில் பதியும் மெட்டுகளிலே அமைத்துப் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாட்டு நூல் 1940ஆம் ஆண்டிலே வெளிவந்தது. பெண் ஒருத்தி பொது மேடையேறிப் பாடுவதையே விரும்பாத காலத்திலே, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ‘தேசபக்தன்’ ஏட்டிலே எழுதவும் செய்தார்.

சொற்பொழிவைக் கேட்டவர் வீடு திரும்பும்போது அதில் பாதியை மறந்துவிடுவார். பாட்டோ அவரோடு மலைக்கு வரும். கொழுந்து பறிக்கும் கைகள் ஓயாது இயங்கினும் நா ஓய்வாகவே இருக்கின்றது. அந்த நாவிலே அது குடியேறும். கங்காணி அருகில் வரும்போது நிற்கும். அவர் அப்பால் சென்றதும் தொடரும். பிறர் கையிலே இருந்த ஒரு நாளிலே, பிறர் கை வைக்க முடியாத இடம் ஒன்று இருந்தது என்பதை அம்மையார் கண்டறிந்திருந்தார். அந்தப் பெண் கேட்டிருக்கக்கூடிய வினாவுக்கு முதல் விடை அதுதான்.

நடேசய்யர் இதனிடையே அரசியலிலும் புகுந்திருந்தார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். 1925ஆம் ஆண்டு சட்டசபை உறுப்பினரானார். ஆயின் 1920களின் இறுதியிலே குணசிங்கவின் போக்கு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. நகரத்திலே வேலையில்லாமை பெருகும்போது, அயலான் வந்து வேலையைப் பறித்துக்கொண்டான் என்ற பேச்சு எழுவது எந்த நாட்டிலும் காணக்கூடியதே. நடேசய்யர் பிரிந்தார். செல்வாக்கு மிக்க நண்பரையும் ஆயத்தமாக இருந்த ஓர் அமைப்பையும் விட்டுவிட்டு, ஏறக்குறைய வெறுங்கையோடு மலையேறினார். பதவிக்காக வந்தவர் பதவி இருக்கும் இடத்திலேயே தங்கியிருப்பார். இவர் எதற்காக வந்தார் என்பதை இந்தப் பிரிவே நன்கு காட்டுகின்றது.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் புகைவண்டியிலே செல்லும் எவரும் வட்டவளையைக் கடந்தே ஆகவேண்டும். 1884ஆம் ஆண்டு முதல் அதுவே வழி. நடேசய்யரும் எத்தனையோ முறை மழை வழியும் சன்னல் வழியாக இந்தச் சரிவுகளையும் நிரைகளையும் பார்த்தபடி சென்றிருப்பார். 1931ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே, ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு ‘அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம்’ என்னும் சங்கத்தை அவர் நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென்றே தோன்றிய முதற் சங்கம் அது.

அதனைத் தொடங்கிய காலம் மிகக் கொடிய காலம். உலகெங்கும் பொருளாதார மந்தம். தேயிலை விலை சரிந்தது. 1929ஆம் ஆண்டிலே, உயர்ந்த மலைப் பகுதித் தோட்டங்களில் குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வகுக்கப்பட்டிருந்தது. அந்தச் சிறு தொகையும் 1931ஆம் ஆண்டு முதற்கொண்டு குறைக்கப்பட்டது. தோட்டத்திலே வேலையும் வீடும் ஒரே முடிச்சிலே கட்டப்பட்டவை. வேலையினின்றும் நீக்கப்பட்டவன் அன்றே லயத்தையும் விட்டு வெளியேற வேண்டும். சட்டி பானையையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு மழையிலே எங்கே போவது? சங்கத்திலே சேர்வது என்பது அந்நாளில் இத்தனையையும் பணயமாக வைப்பதாகும். அப்படியிருந்தும் அவ்வாண்டு மே மாதத்திலே, கூலிக் குறைப்பை எதிர்த்து ஹட்டனிலே நடந்த கூட்டத்துக்குத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். ஊர்வலமும் கூட்டமும் இக்காலத்தார்க்குப் பழகிப்போனவை. பிரட்டுக்களத்தைத் தவிர வேறெங்கும் கூடியறியாத மக்களுக்கு, தாமாகவே ஓரிடத்திலே கூடுவதென்பது எத்தகைய புதிய அனுபவமாக இருந்திருக்கும்!

அதே 1931ஆம் ஆண்டிலே நடேசய்யர் எழுதிய நூல் ஒன்றின் பெயர் ‘நீ மயங்குவதேன்?’ என்பது. சங்கம் அமைத்துக் கூலிப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், அதே வேளையிலே தனிமனிதனின் உள்ளத்தை நோக்கி ‘நீ’ என்று விளித்து நூல் எழுதினார். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று சிலர் எண்ணக்கூடும். சங்கக்காரர்களிடையே, நிலைமை மாறினால் மனிதன் தானே மாறுவான் என்று கூறுவோர் உண்டு. அறநெறி போதிப்பவர்களிடையே, மனிதன் மாறினால் நிலைமை தானே மாறும் என்று கூறுவோர் உண்டு. முன்னவர்க்கு மனிதன் ஓர் எண். பின்னவர்க்குப் பட்டினி ஒரு மனோபாவம். நடேசய்யர் இரு சாராரிடமும் அகப்படவில்லை. கூலியையும் கேட்டார், குனிந்த தலையை நிமிர்த்தவும் சொன்னார்.

சமநிலை என்பதைப் பலர் தராசு முள் அசையாது நிற்பதைப் போன்ற ஒன்றாக நினைக்கின்றனர். வட்டவளைச் சரிவுகளிலே கொழுந்து பறிப்பவர்களைப் பார்த்தவர்கள் அவ்வாறு நினைக்க மாட்டார்கள். சேறு வழுக்கும் செங்குத்தான மலையிலே, மேலே வைத்த காலை மடக்கி, கீழே வைத்த காலை ஊன்றி, கூடை நிறைய நிறைய முதுகைச் சிறிது சிறிதாக முன்னே சாய்த்து, ஒவ்வோர் எட்டிலும் நிலையை மாற்றிக்கொண்டே நிற்கின்றார்கள். அசையாமல் நிற்க முயல்பவர் உருண்டுவிடுவார். நடேசய்யருடைய வாழ்விலும் சமநிலை இவ்வகையானதே. வணிக இதழின் ஆசிரியர் புடவை மூட்டை சுமந்தார். பத்திரிகையாளர் சட்டசபைக்குச் சென்றார். சங்கத் தலைவர் நாடகம் எழுதினார். ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் அந்நாடகம், தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 1937ஆம் ஆண்டிலே வெளிவந்தது. நிலத்துக்கேற்பக் கால் மாறியது, கூடை மாறவில்லை.

1936ஆம் ஆண்டிலே ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1947ஆம் ஆண்டு வரையில் அச்சபையிலே தோட்ட மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். இப்பகுதி பலரும் அறிந்ததே. அறியாததும், அறிந்தாலும் பேசாததும் வேறொன்று உண்டு.

நடேசய்யரிடம் குறையும் இருந்தது. அவர் தனி மரமாகவே வளர்ந்தார். பத்திரிகையானால் அவரே எழுதினார்; சங்கமானால் அவரே தலைவர்; சபையிலும் அவரே குரல். தமக்குப் பின்னே சங்கத்தை நடத்தக்கூடிய இரண்டாம் வரிசையினர் ஒரு கூட்டத்தை அவர் உருவாக்கவில்லை. 1939ஆம் ஆண்டு சூலைத் திங்களிலே ஜவாகர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிலாளர் பிரிவு தோட்டந்தோறும் வேர் விட்டது. நடேசய்யரின் சம்மேளனம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. காங்கிரசாரோடு அவர் இணங்கிப் போகவுமில்லை. கொள்கை காரணமான பிணக்கு எவ்வளவு, தன்மானம் காரணமான பிணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. இரண்டும் கலந்தே இருந்திருக்கும். தொழிலாளி தானே எழுந்து நிற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், தம் சங்கத்திலே தம் அருகில் எவரையும் எழுப்பி நிறுத்தவில்லை என்பது துயரமான முரண்பாடு.

பாடசாலைகளிலே இந்தக் குறையை நாள்தோறும் காணலாம். மிகத் திறமை வாய்ந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார். விளையாட்டுப் போட்டியா, கலைவிழாவா, தோட்ட வேலையா, எல்லாவற்றையும் அவரே செய்து முடிப்பார். மாணவர்கள் வியந்து நிற்பார்கள். அவர் மாற்றலாகிச் சென்ற மறு ஆண்டிலே அந்தப் பள்ளியிலே கலைவிழா நடைபெறாது. வேறொரு ஆசிரியரின் வகுப்பிலே எல்லாம் சற்றுக் கோணலாக நடக்கும். மேடையிலே திரை பாதியிலே சிக்கிக்கொள்ளும். கணக்குப் புத்தகத்திலே ஒரு ரூபாய் இடிக்கும். ஆயின் அவற்றைச் செய்தவர்கள் பிள்ளைகள். ஒரு ரூபாய் இடித்த கணக்கை உட்கார்ந்து சரிசெய்த பிள்ளை, பிறகு எந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாலும் தன் சம்பளச் சீட்டை ஒரு முறை பார்க்காமல் மடித்து வைக்காது. முதல் ஆசிரியரைக் குறை கூற மனம் வராது. அவருடைய உழைப்பு அத்தகையது. ஆனாலும் தான் வளர்வதும் தன்னைச் சூழ்ந்தவர்களை வளர்ப்பதும் ஒன்றல்ல.

1947ஆம் ஆண்டு நடேசய்யருக்குக் கடுமையான ஆண்டு. தேர்தலிலே தோற்றார். அவ்வாண்டு தொடங்கப்பட்ட ‘சுதந்திரன்’ ஏட்டுக்கு முதல் ஆசிரியராக அமர்ந்து மீண்டும் பேனாவை எடுத்தார். அதே ஆண்டிலே வெளிவந்த அவருடைய நூலின் பெயர் ‘வெற்றியுனதே’ என்பது. தோல்வியுற்ற ஒருவர் தம் நூலுக்கு இட்ட பெயர் இது. ‘வெற்றி எனதே’ என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனித்தால் போதும். நவம்பர் 7ஆம் நாள் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்து வாக்குரிமையும் பறிபோனது. அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அச்சட்டங்களைக் காணாமலே அவர் கண்மூடினார்.

அவர் நட்டவை எல்லாம் அழிந்தனவா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. மெதுவாக வந்தன; மிக மெதுவாக வந்தன. அம்மையார் பாடிய காலத்திலே 54 சதமும் 43 சதமுமாகப் பிரிந்து கிடந்த ஆண், பெண் நாட்கூலி, 1984ஆம் ஆண்டின் போராட்டத்துக்குப் பின்னரே சமமாயிற்று. கொழுந்து பறிப்பதிலே பெண்ணின் விரல்களுக்கு ஈடு இல்லை என்று எல்லாருமே ஒப்புக்கொண்டிருந்தும், அந்த விரல்களுக்குக் குறைந்த விலை வைத்த கணக்கைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் போராட்டத்தில் முன் நின்ற பெண்களுட் பலர் மீனாட்சி அம்மையாரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். மடக்கும்பரைத் தோட்டத்திலே 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் சென்றார். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். மலைகளிலே பெண்கள் பாடிய பாடல்களை, அவை மழையோடு கரைந்து போகாதவாறு தேடித் திரட்டி நூலாக்கினார். அவருக்குப் பின் ஒரு பெரிய வரிசையே எழுந்தது.

அவ்வரிசையிலே வந்தவர் சாரல் நாடன். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையிலே அதிகாரியாகப் பணிபுரிந்தவர். தேயிலை அரைபடும் ஓசையும், வாட்டுமாடியின் வாசமும், இரவு வேலையின் களைப்புமாக அமைந்தது அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்கு இடையிலே, பழைய ஏடுகளையும் மறந்துபோன துண்டுப் பிரசுரங்களையும் தேடித்தேடிச் சேர்த்தார். நடேசய்யர் என்ற பெயரே மங்கத் தொடங்கியிருந்த காலம் அது. 1988ஆம் ஆண்டிலே ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. தாம் வளர்க்காமற்போன இரண்டாம் வரிசையினருள் ஒருவர், நாற்பது ஆண்டுகள் கழித்து, தேயிலைத் தூள் படிந்த கையோடு வந்து தம் வரலாற்றை எழுதுவார் என்று நடேசய்யர் நினைத்திருக்க மாட்டார். எந்த மக்களுக்கு எழுத்து எட்டாது என்று நகைத்தார்களோ, அந்த மக்களிடையிலிருந்தே அந்த எழுத்து வந்தது.